பதினொரு விநாடி

முதலில் தவறியது தமிழ்தான்.
கோட்டை ஸ்டேஷன் ஒலிபெருக்கியில்
மட்டக்களப்பு வண்டியைச் சிங்களத்தில் சொல்லி முடித்து,
மூச்செடுத்து,
றெஜினா யோகமலர் நின்றுபோனாள்.
பதினொரு விநாடி.
பிறகு ஆங்கிலம் வந்தது, சுத்தமாக.

மூன்று மாதத்தில் ஒன்பது தடவை.
ஒருவரும் முறைப்பாடு எழுதவில்லை.
தமிழ் அறிவிப்பு வராமல் போவது
இந்த ஊரில் நோயென்று யாருக்குத் தோன்றும்?

பத்தாவது தடவை சிங்களமும் நின்றது.
அன்றைக்கே அம்புலன்ஸ் வந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில்
இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே,
நெல்லிக்காயளவு வெண்மை.
அதைச் சுற்றி ஓடும் நரம்புக் கற்றைகளுக்கு
கம்ப்யூட்டர் நிறம் பூசியிருந்தது:
குறுக்கே போவது சிவப்பு,
நெடுக்கே போவது பச்சை, மேலேறுவது நீலம்.
"றெயில் பாதை மாதிரிக் கிடக்கு" என்றாள்.
"இதில எது தமிழ்?"
டொக்டர் விதானகே என்னைப் பார்த்தார்.
நான் மேசையைப் பார்த்தேன்.
நிறத்தில் அது தெரியாது.
தொட்டுத்தான் கேட்க வேண்டும்.

முன்பென்றால் முழுதாக மயக்கி,
வெட்டி, தைத்து,
கண் விழித்த பிறகு என்ன மிச்சமென்று எண்ணுவார்கள்.
இப்போது விழித்திருக்கவே வைத்து
கேட்டுக் கேட்டு வெட்டுகிறார்கள்.
கேட்கிற ஆள் நான்.
பேச்சுச் சிகிச்சை, தரம் மூன்று,
வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் தொங்கி வருகிறவள்.

படக்கட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது.
பனிமனிதன், கணப்படுப்பு, சறுக்குவண்டி.
பனிமனிதனைப் பார்த்து அவள் "பூதம்" என்றால்
பிழை கட்டியினதா, கொழும்பினதா?
ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக்குப் போய்
கொச்சிக்காய், த்ரீவீல், தும்புத்தடி, இடியப்ப உரல், குடை என்று
நூற்றிருபது படம் பிடித்தேன்.
கொச்சிக்காய்க் கடைக்காரர் காசு கேட்டார்.

தலையோட்டின் கதவு திறந்திருக்க,
பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் அவள் முகம் மட்டும்.
விறைப்பூசி தோலுக்குத்தான்.
மூளைக்கு வலி தெரியாது.
"குளிருது" என்றாள். போர்த்தினோம்.

அந்தப் பக்கம் டொக்டர் மின்முனையால் தொடத் தொட
இந்தப் பக்கம் நான் படம் காட்டினேன்.
கொச்சிக்காய்.
மிரிஸ்.
தும்புத்தடிக்குப் பேச்சில்லை.
சிங்களத்தில் கேட்டேன், "கொஸ்ஸ", உடனே வந்தது.
அந்த இடத்தில் அரிசியளவு காகித இலக்கம் வைத்தார்கள்: நாலு.
ஒன்பதில் தமிழ் ஓடியது, சிங்களம் நின்றது.
சில இடங்களில் தனித்தனி மேடை.
பல இடங்களில் ஒரே தண்டவாளம்.

கட்டியின் பின் ஓரத்தில்
குடையைக் காட்டினேன்.
"கு..."
அவ்வளவுதான்.
குடையா, குடயவா?
என் தாளில் தமிழுக்கு ஒரு நிரல், சிங்களத்துக்கு ஒரு நிரல்.
பேனா இரண்டுக்கும் நடுக்கோட்டில் நின்றது.
"எந்த மொழி?" என்றார் டொக்டர்.
"தெரியேல்ல, சேர். ரெண்டும்."
மூன்று முறை தொட்டார்.
மூன்று முறையும் கு.
ஏசி இரைந்தது. யாரோ இருமினார்கள்.
பிறகு அந்த ஓரத்தை,
நகத்தளவு கட்டியோடு,
அப்படியே விட்டார்.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.
வளர்ந்தால் பேசுவோம் என்றிருக்கிறார்.
பேசுவோம் என்ற சொல்லை
யோசித்துத்தான் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

நேற்று கோட்டையில் இறங்கினேன்.
மட்டக்களப்பு வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.
சிங்களம் முடிந்தது.
மணிக்கூட்டைப் பார்த்தேன், பழக்கதோஷம்.
ஒன்று.
ஒன்றரை.
"பயணிகளின் கவனத்துக்கு" என்றாள்.

பக்கத்து வாங்கில் இருந்தவர்
"இதுக்கும் ஒரு அறிவிப்பு" என்று சலித்துக்கொண்டார்.
நான் ரிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்தேன்:
1.5